சிங்கப்பூரில் இடிக்கப்பட்ட தெருக்கள்: பழைய படங்களில் உங்கள் குடும்பத்தைத் தேட ஒரு வழிகாட்டி

தாத்தாவோ பாட்டியோ சிங்கப்பூரில் வாழ்ந்தவர்கள், அவர்கள் இருந்த தெரு இப்போது இல்லை, அந்தத் தெருவை ஒரு படத்திலாவது பார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். பெரும்பாலான வேலையை வீட்டில் உட்கார்ந்தே, காசு செலவில்லாமல் செய்யலாம். ஆனால் எதை முதலில் செய்வது, எதைத் தேடுபெட்டியில் தட்டுவது என்று தெரியாவிட்டால் வார இறுதிகள் வீணாகும். என் அம்மாவழிக் குடும்பம் சிராங்கூன் ரோட்டுத் தேக்கா வட்டாரத்தில் இருந்த கடைவீட்டை (கீழே கடை, மேலே வீடு) தேடியபோது கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தாவின் பெயரைத் தட்டினால் எதுவும் வராது. தெருப் பெயரைத் தட்டினாலும் பல சமயம் வராது. அந்தக் காலத்தில் சாதாரணத் தெருவைப் படம் எடுக்க யாரும் கேமராவோடு கிளம்பவில்லை. அமைச்சர் வந்தார், வெள்ளம் வந்தது, தீப்பிடித்தது, காவடி போனது என்றுதான் படம் எடுத்தார்கள். உங்கள் தெரு அதில் பின்னணியாக விழுந்திருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு தேடினால் பாதி வேலை முடிந்தது.

1. முகவரி இல்லாமல் கிளம்பாதீர்கள்

"தேக்கா பக்கம்தான் இருந்தோம்" என்பது முகவரி ஆகாது. தெருப் பெயரும் வீட்டு எண்ணும் வேண்டும், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று தோராயமாகவாவது வேண்டும். இதற்கான காகிதங்கள் அநேகமாக வீட்டில் எங்காவது, பிஸ்கட் டின்னிலோ பீரோவின் மேல்தட்டிலோ இருக்கும். நான் தேடச் சொல்பவை இவை:

பிறப்புச் சான்றிதழ். அம்மா, மாமா, சித்தி எல்லோருடையதையும் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் குடும்பம் எங்கே இருந்தது என்று வரிசையாகத் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பிறந்த இடம் வேறு, பெற்றோரின் முகவரி வேறு. 1924 முதல் மகப்பேறு மருத்துவமனையாக இருந்த கண்டாங் கெர்பாவில் (சுருக்கமாக "கேகே") பிறந்தவர்கள் தீவு முழுவதும் இருக்கிறார்கள். "கேகே"யில் பிறந்தார் என்பதற்காக வீடும் அங்கேதான் என்று முடிவுகட்டாதீர்கள்.

பழைய அடையாள அட்டை. சிங்கப்பூரில் 1948இல் அடையாள அட்டை வந்தது. 1966இல் மறுபதிவு நடந்தது. பழைய அட்டையைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், ஆனால் அதன் நகலை ஏதாவது ஒரு விண்ணப்பத்தோடு சேர்த்து வைத்திருக்க வாய்ப்பு உண்டு.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடிதங்கள். இது தங்கம். கம்பத்து (கிராமக் குடியிருப்பு) வீட்டையோ கடைவீட்டையோ காலி செய்யச் சொல்லி வந்த கடிதம், மறுகுடியமர்வு இழப்பீட்டு ரசீது, புது வீடு ஒதுக்கிய கடிதம் ஆகியவற்றில் பழைய முகவரி முழுமையாக இருக்கும். எப்போது காலி செய்தார்கள் என்ற தேதியும் கிடைக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு எடுத்த படங்களில் உங்கள் வீட்டுக்காரர்களைத் தேட வேண்டியதில்லை.

கடித உறைகள். ஊரிலிருந்து வந்த நீலநிற ஏர்மெயில், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை. உள்ளே இருப்பதை விட உறையின் மேல் இருப்பதுதான் நமக்கு முக்கியம். அஞ்சல் முத்திரையில் தேதி, அதன் பக்கத்தில் முகவரி. இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஆவணம் வேறு கிடையாது.

திருமணச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்றால் பதறாதீர்கள். மாதர் சாசனம் என்ற திருமணச் சட்டம் 1961இல் நடைமுறைக்கு வரும்வரை கோயிலிலோ வீட்டிலோ தாலி கட்டியதோடு சரி. பதிவே இல்லாத திருமணங்கள் ஏராளம். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் தேவாலயப் பதிவேட்டைக் கேட்கலாம். ஓஃபிர் ரோட்டிலுள்ள லூர்து அன்னை தேவாலயம் 1888 முதல் தமிழ்க் கத்தோலிக்கர்களின் தேவாலயம்.

வீட்டில் எந்தக் காகிதமும் இல்லையா? குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தில் பிறப்பு, இறப்புப் பதிவின் சாறு (பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் விவரம்) கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு சாறுக்கும் தனிக் கட்டணம். அதனால் குடும்பத்தில் எல்லோருக்கும் போட்டுவிடாமல், அந்தத் தெருவில் இருந்தபோது பிறந்திருக்கக்கூடிய ஒரே ஒருவருக்கு முதலில் போடுங்கள். சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான கணக்கு) வைத்திருக்கும் உறவினர் யாராவது செய்துகொடுத்தால் சுலபம். பெயர் எழுத்துக்கூட்டல்தான் பெரிய தலைவலி. கோவிந்தசாமி என்ற ஒரே ஆளை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயர் ஒரு சான்றிதழில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும். உங்களுக்குத் தெரிந்த எல்லா எழுத்துக்கூட்டல்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் உட்காருங்கள்.

2. முகவரியை வரைபடத்தில் வையுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். "தெரு இல்லை" என்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, தெருவே வரைபடத்திலிருந்து அழிந்துபோவது. இன்னொன்று, பெயர் இருக்கும், வீடுகள் மட்டும் இருக்காது. மார்க்கெட் ஸ்ட்ரீட் இரண்டாவது வகை. நகரத்தாரின் வட்டித்தொழில் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த அந்தத் தெருவை நம்மவர்கள் செட்டித் தெரு என்றார்கள். பெயர்ப்பலகை இன்றும் நிற்கிறது. ஆனால் அங்கே போய் நின்றால் கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரத்தைத்தான் அண்ணாந்து பார்க்கலாம், கிட்டங்கியின் சுவடு கிடையாது.

பழைய வரைபடங்களுக்கு இரண்டு வழிகள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக நூலகம் பழைய வரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் போர்த்திக் காட்டும் இணையத்தளம் ஒன்றை நடத்துகிறது. இலவசம். பழைய தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்க வைத்தால், அடியில் இன்றைய அடுக்குமாடி புளோக்கும் எம்ஆர்டி ரயில் நிலையமும் தெரியும். இரண்டாவது, 1950களிலிருந்து அச்சான தெருக் கையேடுகள். விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகக் கட்டடத்திலுள்ள லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தில் இவற்றைப் பார்க்கலாம். உங்கள் குடும்பம் இருந்த காலத்துக்கு முன் வந்த பதிப்பு ஒன்று, பின் வந்த பதிப்பு ஒன்று என இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கமாக வையுங்கள். முதல் பதிப்பில் இருக்கும் சந்து அடுத்ததில் இல்லை என்றால் இடித்த காலம் ஏறத்தாழக் கையில் கிடைத்துவிடும்.

கம்பத்துக்காரர்களுக்குத் தெரு வரைபடம் போதாது. அங்கே வீட்டு எண்கள் 25-ஏ, 25-பி என்று வால் முளைத்துக்கொண்டே போகும், வரிசையாகவும் இருக்காது. அவர்கள் வான்படங்களைப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் விமானப் படை போருக்குப் பின் எடுத்த வான்படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தொகுப்பில் இருக்கின்றன. தென்னை மரத் தலைகளுக்கு நடுவே கூரைகள் தெரியும். கோயில், கிணறு, பள்ளிக்கூடம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து எண்ணிக்கொண்டு போகலாம்.

பொறி எங்கே என்றால், பெரியவர்கள் சொல்லும் அடையாளங்களில். "தேக்கா மார்க்கெட்டுக்கு எதிரே" என்று பாட்டி சொன்னால் எந்த மார்க்கெட் என்று கேளுங்கள். பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை 1915இல் கட்டியது. 1982இல் அதை மூடிவிட்டு சாலையின் மறுபக்கம் கட்டிய சூஜியாவ் நிலையத்துக்கு மாற்றினார்கள். அதுதான் இன்றைய தேக்கா நிலையம். ஆக, 1982க்கு முந்தைய "எதிரே"யும் பிந்தைய "எதிரே"யும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்ப்பக்கம். இதைவிடப் பெரிய பொறி இடம்மாறிய கோயில்கள். "சிவன் கோயிலுக்குப் பக்கத்து வீடு" என்றால் இப்போதுள்ள பிள்ளைகள் கேலாங்குக்குப் போய்த் தேடுவார்கள். அந்தக் கோயில் ஆர்ச்சர்ட் ரோட்டில் டோபி காட் பக்கம் இருந்தது. எம்ஆர்டி வேலைக்காக 1983இல் சிராங்கூன் ரோட்டுக்குத் தற்காலிகமாகப் போய், 1993இல்தான் கேலாங் ஈஸ்டில் குடமுழுக்குக் கண்டது. கடற்படைத் தளத்துக் குடும்பங்களுக்கும் இதே கதைதான். கான்பரா ரோடு பக்கத்தில் இருந்த புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில் இன்று ஈசூனில் இருக்கிறது.

கடிதங்களில் வரும் தமிழ் இடப்பெயர்களையும் குறித்து வையுங்கள். சுண்ணாம்பு கம்பம் என்று எந்த அரசாங்க வரைபடத்திலும் இருக்காது. அது சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயில் வட்டாரம்.

3. தெருவைத் தேடாதீர்கள், தெருவில் நடந்ததைத் தேடுங்கள்

இப்போது படம். முதலில் போக வேண்டிய இடம் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆர்க்கைவ்ஸ் ஆன்லைன். படங்கள், வரைபடங்கள், கட்டடத் திட்டங்கள், வாய்மொழிப் பேட்டிகள் எல்லாம் அங்கே ஒரே தேடுபெட்டிக்குள் இருக்கின்றன. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. படத்தின் குறுக்கே நீர்முத்திரை இருக்கும், அளவும் சிறிதாக இருக்கும், ஆனால் அடையாளம் காண இது போதும். ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும், ஏனென்றால் படக்குறிப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

தெருப் பெயரை ஒருமுறை தட்டிப் பாருங்கள். வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் கீழே உள்ளபடி போங்கள்.

முதலில் தைப்பூசம். இதை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் போகும் வழியில் ஆண்டுதோறும் கேமராக்கள் நின்றிருக்கின்றன. அரசுப் படக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் எடுத்திருக்கிறார்கள். படக்குறிப்பில் "காவடி எடுக்கும் பக்தர்" என்று மட்டும் போட்டிருக்கும். காவடியை விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள். ஐந்தடியில் (கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள், பலசரக்குக் கடையின் பெயர்ப்பலகை, மாடி ஜன்னலில் எட்டிப் பார்க்கும் பெண்கள். என் குடும்பக் கடைவீட்டின் முகப்பு எனக்கு முதலில் கிடைத்தது இப்படித்தான். அலகு குத்திய ஒருவரின் வலது தோளுக்கு மேல், பாதி மறைந்த நிலையில், அம்மா சொன்ன அதே பச்சிலை வளைவு வேலைப்பாடு போட்ட தூண்.

அடுத்தது தொகுதி உலாக்கள். லீ குவான் இயூ 1962 கடைசியில் தொடங்கி 1963 வரை அன்றைய 51 தொகுதிகளையும் சுற்றி வந்தார். போன இடமெல்லாம் படம் எடுத்தார்கள். கம்பத்து மண்பாதை, பொதுத் தண்ணீர்க் குழாய், மாலையோடு வரிசையில் நிற்கும் ஊர்க்காரர்கள் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் தெரு அன்று எந்தத் தொகுதியில் இருந்தது என்று கண்டுபிடித்துத் தொகுதிப் பெயரைத் தட்டுங்கள். தொகுதி எல்லைகள் மாறிக்கொண்டே இருந்ததால் பக்கத்துத் தொகுதியையும் பாருங்கள். பின்னாளில் வந்த அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களின் வருகைப் படங்களும் இதே வகைதான்.

அப்புறம் துயரங்கள். 1961 மே 25 புக்கிட் ஹோ சுவீ தீ, 1969 டிசம்பர் வெள்ளம், 1978 டிசம்பர் வெள்ளம். தாழ்வான பகுதியில் இருந்த குடும்பமாக இருந்தால் வெள்ளப் படங்களைப் பார்க்காமல் விடாதீர்கள். முழங்கால் தண்ணீரில் வீட்டு வாசலை எடுத்த படங்கள், வேறெதற்கும் யாரும் எடுக்காத கோணத்தில் எடுத்தவை.

கடைசியாக, கட்டடங்களையே தேடி எடுத்த ஒரு சிலர். கட்டடக் கலைஞர் லீ கிப் லின் 1960களிலிருந்து, இடிபடப்போகிற கடைவீடுகளையும் பங்களாக்களையும் சலிக்காமல் எடுத்துவைத்தார். அவர் 2009இல் கொடுத்த தொகுப்பு தேசிய நூலக வாரியத்தின் இணையப் படத்தொகுப்பில் இருக்கிறது. இதில் தெருப் பெயரைத் தட்டினாலே பலன் உண்டு. ரோனி பின்ஸ்லர் எடுத்த படங்கள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கோயில் விழாக்களும் தெருத் தொழில்களும் அவருக்குப் பிடித்தவை.

எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். தேக்காவுக்கே ஆங்கிலத்தில் பல வடிவங்கள். "ரோடு", "ஸ்ட்ரீட்" என்பதை முழுதாகவும் சுருக்கியும் தேடுங்கள். படக்குறிப்பை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்களும் இருக்கின்றன. அதில் இடது வலது மாறி, உங்கள் வீடு எதிர்வரிசைக்குப் போயிருக்கும். பெயர்ப்பலகை எழுத்துகளையோ வண்டி எண்ணையோ பார்த்தால் தெரிந்துவிடும். எழுத்தே இல்லாத படமாக இருந்தால் சட்டைப் பையைப் பாருங்கள். ஆண்கள் எல்லோருக்கும் பை வலப்பக்கம் இருந்தால் சந்தேகப்படலாம்.

4. படம் எந்த ஆண்டு?

பாதிப் படங்களில் தேதி இருக்காது, அல்லது பத்தாண்டு மட்டும் இருக்கும். "இதற்கு முன்", "இதற்குப் பின்" என்று இரண்டு எல்லை போட்டு நெருக்குவதுதான் வழி.

கைரிக்‌ஷா தெரிந்தால் 1947க்குப் பிந்தியது அல்ல. சாலைக்கு மேலே இரட்டைக் கம்பி ஓடி, அதைத் தொட்டுக்கொண்டு பேருந்து போனால் அது டிராலிபஸ். 1962 கடைசியோடு அது நின்றுவிட்டது. பிறையும் ஐந்து நட்சத்திரமும் உள்ள கொடி 1959 டிசம்பருக்குப் பின். கூரையில் டிவி ஆன்டெனா இருந்தால் 1963க்குப் பின், ஏனென்றால் தொலைக்காட்சியே அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் வந்தது. ஒரே படத்தில் ஆன்டெனாவும் இருந்து டிராலிபஸ் கம்பியும் இருந்தால்? கம்பியை அவிழ்க்காமல் விட்டிருக்கலாம். பேருந்தைப் பார்க்காமல் கம்பியை மட்டும் நம்பாதீர்கள்.

சினிமா சுவரொட்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள். படம் வெளிவந்த ஆண்டைத் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அது "இதற்கு முன் இல்லை" என்று மட்டுமே சொல்லும். ஓடி முடிந்த படத்தைச் சிங்கப்பூரில் மறுபடி போடுவது சகஜம், கிழியாத சுவரொட்டி சுவரில் மாதக்கணக்கில் நிற்கும்.

முகவரி அச்சிட்ட பலகையோ ரப்பர் முத்திரையோ இருந்தால் அஞ்சல் எண்ணைப் பாருங்கள். "சிங்கப்பூர் 8" என்று ஒன்றோ இரண்டோ இலக்கம் மட்டும் இருந்தால் 1950இல் வந்த முறை. நான்கு இலக்கம் 1979 முதல், ஆறு இலக்கம் 1995 முதல். 8 என்பது சிராங்கூன் ரோடு, தேக்கா வட்டாரம்.

5. வீட்டு ஆல்பத்தைத் தொடுவதற்கு முன்

ஆவணக் காப்பகத்தில் கிடைப்பது தெரு. அந்தத் தெருவில் இருந்த முகங்கள் உங்கள் வீட்டு ஆல்பத்தில்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒட்ட வைப்பதுதான் இந்த வேலையே.

ஒட்டுப்பசையுள்ள பிளாஸ்டிக் தாள் ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். வராத படத்தை வரவழைக்க வாசனை சேர்க்காத பல்லிடுக்கு நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்தெடுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ வையுங்கள். பின்னணியில் இருக்கும் கடைப் பலகையைப் பெரிதாக்கிப் படிக்க இது வேண்டும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். மங்கிப்போன மை எழுத்து அப்போதுதான் பிரிந்து தெரியும். படத்தின் முதுகையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, கையெழுத்து, "அன்புள்ள அண்ணனுக்கு" என்று எழுதியது எல்லாம் அங்கேதான். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பெயர் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் எழுதுங்கள், பேனா கூடாது.

வீட்டு வாசலில் எடுத்த படங்களில் ஆட்களை ஒருபுறம் விட்டுவிட்டு, தரை ஓடு, தூண், ஜன்னல் கம்பி, கதவெண் ஆகியவற்றைத் தனியே வெட்டி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஆவணப் படங்களோடு ஒப்பிடுவது இவற்றைத்தான். கடைவீட்டு முகப்புகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் தரையோட்டின் வரிசையும் ஜன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துளையின் வடிவமும் ஒரு வரிசைக்கு இன்னொரு வரிசை மாறும்.

அடையாள அட்டை, சான்றிதழ் படங்களை முகநூல் குழுக்களில் போட்டு உதவி கேட்காதீர்கள். எண்ணை மறைத்துவிட்டாலும் பிறந்த தேதியும் பெயரும் போதும் ஏமாற்றுக்காரனுக்கு. தெருப் படத்தை மட்டும் போடுங்கள்.

6. பெரியவர்களிடம் காட்டுவது

கைப்பேசியில் காட்டாதீர்கள். ஏ4 தாளில் அச்செடுத்து மேசையில் வையுங்கள். கைப்பேசியில் காட்டினால் "ஆமா, அந்தப் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். தாளாக இருந்தால் விரலை வைத்து நடப்பார்கள். "இது நம்ம வீடா?" என்று கேட்டால் உங்கள் ஆசையைப் பார்த்து ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "தண்ணி எங்கேருந்து எடுப்பீங்க?", "காலை வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்?", "ஒட்டுக்கடை எந்தத் தூணுகிட்ட?" என்று கேளுங்கள். பதில்களை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வீடு எந்தப் பக்கத்து வரிசை என்பது தானாக வந்துவிடும். பேச்சை ஒலிப்பதிவு செய்து, அன்றிரவே கேட்டுக் குறிப்பெடுங்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கடன் வாங்கலாம். 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையத்தின் பேட்டிகளில் தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பேட்டிக்கும் ஆங்கிலச் சுருக்கம் இருக்கும். அதில் உங்கள் வட்டாரம் வருகிற பகுதியை மட்டும் கேட்டால் போதும். பல பேட்டிகளை இணையத்திலேயே கேட்கலாம், சிலவற்றுக்கு அனுமதி வாங்க வேண்டும்.

7. செய்தித்தாளில் தேதியைப் பிடிப்பது

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845இலிருந்து இருக்கிறது. தமிழ் முரசும் இருக்கிறது. தமிழில் தட்டித் தேடினால் பலன் குறைவு, பழைய அச்செழுத்தைக் கணினி தப்பும் தவறுமாகப் படிக்கிறது. சுற்றுவழி இதுதான்: உங்கள் தெருவின் பெயரை ஆங்கிலத்தில் தட்டி, தீ, விபத்து, நிலம் எடுப்பு என்று என்ன நடந்தது, எந்தத் தேதியில் என்று ஆங்கிலத் தாளில் பிடியுங்கள். பிறகு அதே வாரத்துத் தமிழ் முரசைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஆங்கிலத் தாளில் "ஓர் இந்திய ஆடவர்" என்று போன ஆளுக்கு அங்கே பெயரும் ஊரும் இருக்கும். மரண அறிவித்தல்களையும் விடாதீர்கள், முகவரியோடு வரும்.

8. பெரிய பிரதி வாங்குவது: காசும் காலமும்

எல்லாம் முடிந்த பிறகுதான் இது. சரியான படம்தான் என்று இரண்டு சான்றாவது கிடைக்கும்வரை பணம் கட்டாதீர்கள்.

ஆவணக் காப்பகத்தின் தளத்திலேயே படத்தைத் தேர்ந்தெடுத்துக் கோரிக்கை அனுப்பலாம். படத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். உங்கள் சொந்தப் பார்வைக்கா, புத்தகத்தில் போடவா என்பதைப் பொறுத்து அது மாறும். விலையோடு 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். படத்தின் அடியில் யாருடைய தொகுப்பு என்று போட்டிருப்பதை முதலில் படியுங்கள். அரசின் படம் என்றால் வேலை சீக்கிரம் முடியும். தனியார் தொகுப்பு என்றால் உரிமையாளரின் அனுமதி வர வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். கல்யாணத்துக்கோ நினைவு நாளுக்கோ படம் வேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். இணையத்தில் தெரிகிறது என்பதற்காக நீர்முத்திரையை அழித்துக் குடும்ப மலரில் அச்சடிப்பது சட்டப்படி தப்பு.

கட்டடத் திட்டங்களும் அங்கே உண்டு, 1884 முதல். கடைவீட்டுக்காரர்களுக்கு இது பெரிய புதையல். முகப்பின் கோட்டோவியம், வீட்டுச் சொந்தக்காரரின் பெயர், உள்ளே எத்தனை அறை என்பது எல்லாம் தெரியும். நம்மவர்கள் அநேகமாக வாடகைக்கு இருந்தவர்கள், அதனால் சொந்தக்காரர் பெயரில் தாத்தாவைத் தேடாதீர்கள். திட்டங்களின் நகல் எடுக்கக் கட்டுப்பாடுகள் இருக்கலாம். கேனிங் ரைஸிலுள்ள காப்பகத்தின் வாசிப்பறைக்கு நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. போவதற்கு முன் திறக்கும் நேரத்தைத் தளத்தில் பாருங்கள், மைக்ரோஃபிலிம் எண்ணை முன்கூட்டியே குறித்துக்கொண்டு போங்கள். எண் இல்லாமல் போனால் பாதி நாள் எண்ணைத் தேடுவதிலேயே போய்விடும்.

9. தமிழ்நாட்டிலிருந்து தேடுபவர்களுக்கு

விமானச் சீட்டு எடுக்க வேண்டாம். மேலே சொன்னவற்றில் வாசிப்பறையும் மேற்கோள் நூலகமும் தவிர மற்ற எல்லாம் அங்கிருந்தே நடக்கும். உங்களுக்கு இங்குள்ளவர்களுக்கு இல்லாத ஒரு வசதியும் இருக்கிறது: சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கடிதங்களும் ஸ்டூடியோ படங்களும் ஊரில்தான் இருக்கின்றன. மணியார்டர் ரசீது, பழைய கடவுச்சீட்டு, ரஜுலா கப்பல் டிக்கெட் என்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். தாத்தா எப்போது போனார் என்று யாருக்கும் நினைவில்லை என்றால் கப்பலைக் கேளுங்கள். ரஜுலா 1926 முதல் 1973 வரை ஓடியது, அதற்குப் பிறகு சிதம்பரம் கப்பல். "சிதம்பரத்துல வந்தாரு" என்று யாராவது சொன்னால் அது ஊர்ப்பெயர் அல்ல, ரஜுலாவுக்குப் பிந்தைய காலத்தைச் சொல்கிறார்கள்.

10. கண்டுபிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள்

ஆவணக் காப்பகத்தில் குறிப்பே இல்லாத படங்கள் நிறைய. 2015இல் தொடங்கிய சிட்டிசன் ஆர்க்கைவிஸ்ட் திட்டத்தில் பொதுமக்கள் யாரும் பதிவுசெய்துகொண்டு படத்துக்குக் குறிப்பு எழுதலாம். ஏற்கெனவே உள்ள குறிப்பு தவறு என்றால் காப்பகத்துக்கு எழுதுங்கள். "இது எங்கள் தெரு" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. படத்தின் பதிவெண், எந்த ஆண்டுத் தெருக் கையேட்டில் எந்தப் பக்கம், படத்தில் எந்தப் பலகையை வைத்து அடையாளம் கண்டீர்கள் என்று மூன்றையும் போடுங்கள். உங்கள் வீட்டுப் படத்தைச் சான்றாக இணைப்பதாக இருந்தால், அதிலுள்ள உயிரோடு இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இணையுங்கள்.